இடையில் ஒண்டுமில்லை

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவிக் கோச்சியில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்தால், அவரைக் குறை சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று யாரும் நினைக்கக்கூடும். கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ஏறும்போது அவருடைய பையை மேலே வைத்துக் கொடுத்தேன். அந்த நன்றிக்கு மாகோ தாண்டியதும் இடியப்பப் பார்சலை அவிழ்த்துச் சரிபாதி எனக்குத் தந்தார். சம்பல் அருமை. ஓய்வுபெற்றவர், மகள் வீட்டுக்குக் கொழும்பு போய்த் திரும்புகிறார், சாவகச்சேரி. "தம்பி எங்க இறங்கிறீர்?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். "ஓ, வன்னியோ" என்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கிற எங்கள் பக்கம்தான் வன்னி. அந்த 'ஓ'வில் ஒன்றும் இல்லை, நான்தான் ஏதோ இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

வவுனியாவில் கொஞ்சச் சனம் இறங்கியது. வண்டி வெளிக்கிட்டதும் அவர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். "இனிப் பளை வரைக்கும் ஒண்டுமில்லைத் தம்பி. வெறும் காடு. ஒரு நித்திரை கொண்டு எழும்பலாம்." கண்ணை மூடியவர், ஏதோ நினைவு வந்ததுபோலத் திறந்து இன்னொன்றும் சொன்னார்: "அந்த நேரம் தண்டவாளம் முழுக்கக் கழட்டிக்கொண்டெல்லே போட்டினம் உங்கட பக்கம்." பிறகு உண்மையாகவே தூங்கிவிட்டார். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஒவ்வொன்றாக வந்து போனது. பஸ்ஸில் வந்திருந்தால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் அடித்து, ஒரு சுருள் கச்சான் வாங்காமல் யாரும் நகர்வதில்லை. கோச்சிக்குள் இருந்தால் யன்னலால் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். நான் போட்டுக்கொண்டேன். அவர் குறட்டை விட்டார்.

அந்த இரண்டு வசனங்களும் பல வாரமாக என்னை விடவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. யன்னலுக்கு வெளியே காடுதான் தெரிகிறது. தண்டவாளத்தையும் கழற்றித்தான் இருந்தார்கள். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்கேயோ பிழைக்கிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில் தண்டவாளத்தைக் கழற்றியது யார்?

கடைசியாக வந்த நடுத்துண்டு

சரியாகச் சொன்னால், வடக்குப் பாதையின் வரலாறே அந்த ஐயாவைப்போலத்தான் வன்னியைப் பார்த்தது. பாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காக வளர்ந்து வரவில்லை. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902-இலேயே கோச்சி ஓடிவிட்டது. தெற்கிலிருந்து குருநாகல் தாண்டி அநுராதபுரத்துக்கு 1904-இல் வந்தது. இரண்டு பக்கமும் ஓடத்தொடங்கிய பிறகுதான் நடுவில் கிடந்த காட்டை வெட்டி இரண்டையும் இணைத்தார்கள். 1905 ஓகஸ்ட் 1-ஆம் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முழுப்பாதையும் திறந்தது. பாதை போட்டவர்களுக்கு வன்னி ஒரு ஊர் அல்ல, கடக்கவேண்டிய தூரம்.

எங்கள் ஊருக்குக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் அப்போது ஊரே இல்லை. கிளிநொச்சி என்று இன்றைக்கு நாம் சொல்கிற பட்டினம், பாதை வந்து முப்பது வருடத்துக்குப் பிறகு உருவானது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902-இல் தொடங்கி ஏறத்தாழ இருபது வருடம் இழுபட்டது. குடாநாட்டில் சனம் கூடி, வேலையும் காணியும் போதாமல் போக, 1936-இல் குடியேற்றத் திட்டம் வந்தது. குளத்துத் தண்ணீர் போகிற வாய்க்கால்களின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. உருத்திரபுரத்துப் பக்கம் இன்றும் "டி-10" என்றால்தான் பஸ் கொண்டக்டருக்குப் புரியும். கரடிப்போக்குச் சந்தி என்று ஒரு சந்தி பட்டினத்துக்குள்ளேயே இருக்கிறது. பெயரை வைத்தவர்கள் கண்டதைத்தான் வைத்திருப்பார்கள். மற்ற ஊர்களில் ஊர் இருந்தது, பிறகு ஸ்டேசன் வந்தது. எங்களுக்குத் தண்டவாளம் முதல், கரடி இரண்டாவது, நாங்கள் மூன்றாவது.

எங்கள் அம்மப்பா வடமராட்சியிலிருந்து வந்த குடியேற்றவாசி. காணி கிடைத்த முதல் வருடங்களில் அவருக்குக் கிளிநொச்சி ஸ்டேசன் என்பது பயணம் போகிற இடமே இல்லை, அரிசி அனுப்புகிற இடம். காலபோக அறுவடை முடிந்ததும் கரவெட்டியில் இருந்த தங்கச்சிக்கு ஒரு மூட்டை போகும். சாக்கின் வாயைச் சணலால் தைத்து, உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் குழைத்து, ஈர்க்கு நுனியால் அதில் பெயர் எழுதுவாராம். ஈர்க்கால் எழுதினால் எழுத்துப் பரவிப் பெரிதாக விழும், நொத்தாரிசின் கையெழுத்துப் போல இருக்கும் என்று அம்மா சொல்வார். வண்டில் கட்டி ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்ப் பார்சல் துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்தால்தான் அவருக்கு அறுவடை முடிந்தது.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் இயந்திரங்கள் அந்தக் காலத்தில் பெரிய புதினம். பெயரைப் பாருங்கள். யாழ்தேவி. இவ்வளவு தூரம் வன்னிக்குள் ஓடுகிற வண்டியின் பெயரில் வன்னியின் ஒரு எழுத்துக்கூட ஒட்டவில்லை. அம்மப்பா இதைப் பகிடியாகச் சொல்வாராம்: "பொம்பிளை யாழ்ப்பாணம், மாப்பிளை கொழும்பு. நாங்கள் ஊர்வலம் பாக்கிற சனம்."

ஆனால் அவர் பெருமைப்பட்ட ஒரு விசயமும் இருந்தது. அது எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும், பிறகுதான் அதன் பொறிமுறை விளங்கியது. ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி ஒரே துண்டுக்குள் வந்தால் கதை முடிந்தது. அதற்காக ஒவ்வொரு இரண்டு நிலையத்துக்கும் இடையில் உள்ள துண்டுக்கு ஒரு உலோக வில்லை. இரண்டு நிலையத்திலும் இருக்கிற பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை, ஒரு நேரத்தில் ஒரு வில்லைதான் வெளியே வரும். அந்த வில்லை கையில் இல்லாமல் சாரதி அடுத்த துண்டுக்குள் போகக்கூடாது. வில்லையைத் தோல்பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையம் போன்ற ஒன்றில் கட்டி, மேடையில் ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்காமல் போகிற வண்டியிலும் ஆள் வெளியே சாய்ந்து கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டு போவான், பழையதை எறிந்துவிட்டுப் போவான். "எப்பிடிப்பட்ட கோச்சியெண்டாலும் எங்கட ஸ்டேசனிலை கை நீட்டி வாங்கித்தான் போகவேணும்" என்பாராம் அம்மப்பா. பாதையைத் திரும்பப் போட்டபோது நிறவிளக்குச் சமிக்ஞை வந்துவிட்டது. இப்போது யாரும் கை நீட்டத் தேவையில்லை.

இறங்கியவர்கள்

யாழ்ப்பாணத்தார் எங்களைப் பார்ப்பதில்லை என்று புகார் எழுதுவது சுலபம். வன்னியில் பிறந்த எவருக்கும் அது கைவந்த கலை. அதே மேடையில் எங்கள் சனம் யாரைப் பார்க்காமல் விட்டது என்று கேட்டால் கொஞ்சம் தொண்டை கட்டும்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட சனம் வன்னிக்கு வந்தது. 1958-க்குப் பிறகும் வந்திருக்கிறார்கள், ஆனால் அம்மாவுக்கு நினைவிருப்பது இந்த வருகைதான். லொறியிலும் பஸ்ஸிலும் வந்தவர்கள் போக, கோச்சியில் வந்தவர்களும் உண்டு. அம்மா அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்த பிள்ளை. மேடையின் ஓரத்தில் ஒரு குடும்பம் ஈயச் சட்டியும் ஒரு தையல் மெசினும் வைத்துக்கொண்டு குந்தியிருந்ததை அவர் இன்றும் சொல்வார். தையல் மெசினை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதுதான் அவருடைய ஆச்சரியம். அவர்களை எங்கள் ஊர் வேலைக்குக் கூப்பிட்டது. வயலில் நாற்று நடவும் களை எடுக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கூப்பிட்டது. பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் என்று அவர்கள் காடு வெட்டிக் குடியிருந்த இடங்களுக்கு உறுதி, தண்ணீர், ரோட்டு என்று வந்தபோது ஊர் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்தவர்கள் நாங்கள் "குடியேற்றவாசி". உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் "வந்தவை". அம்மப்பாவும் ஒருநாள் இதே ஸ்டேசனில் வந்து இறங்கியவர்தான்.

அப்புறம் நடந்தவை தெரிந்தவை. 1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கம் யாழ்தேவி தாக்கப்பட்டது, படையினரும் சனங்களுமாக 30 பேருக்கு மேல் செத்தார்கள். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு கோச்சி நின்றது. அப்போது எனக்கு நான்கு வயது. கோச்சி பற்றிய என் ஒரே நினைவு ஒரு சத்தம், அதுவும் என்னுடைய நினைவா, பிறகு அம்மா செய்துகாட்டிய சத்தமா என்று நிச்சயமில்லை. பல ஆண்டுகள் வவுனியாதான் வடக்கின் கடைசி நிலையம். வடக்கே தண்டவாளக்கரை எங்களுக்கு ஒற்றையடிப் பாதையாயிற்று. மழைக்காலத்தில் வயல் வரம்பெல்லாம் முழங்கால் சேறாகும்போது, மேடாகக் கிடந்த அந்தக் கல்லுப்பாதையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். கல் காலை வெட்டும், ஆனால் சேறு இல்லை. இரண்டு பக்கமும் நாயுருவியும் எருக்கலையும் முளைத்திருந்தன. கோச்சிக்குப் போட்ட பாதை எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது என்றால் சிரிப்பீர்கள். கொண்டுபோனது.

கழற்றியவர்கள்

இப்போது ஐயாவின் இரண்டாவது வசனத்துக்கு வருகிறேன். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்கே போயின? பெரும்பகுதி போர் செய்தவர்களின் பங்கர்களுக்குப் போயிற்று. இரண்டு தரப்பின் காவலரண்களுக்கும் என்றுதான் சொல்லவேண்டும். பலமான மரமும் உருக்கும் வேறெங்கும் இவ்வளவு நீளத்துக்கு வரிசையாகப் படுத்துக் கிடக்கவில்லை. மிச்சத்தைச் சனம் எடுத்தது. இதில் வீரமும் இல்லை, களவு என்று ஒரே சொல்லில் முடிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. சிமெந்து தடை, பற்றரி தடை, மண்ணெண்ணெய் தங்கவிலை. வானத்திலிருந்து குண்டு விழுகிறது. வீட்டு முற்றத்தில் வெட்டிய குழிக்கு மேலே போட எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது மிச்சத்திலும் மிச்சம். பத்தடி நீளத்தில் வெட்டிய இரண்டு துண்டு. அப்பா ஒரு மூட்டை நெல்லுக்கு யாரிடமோ மாற்றினார். தூக்கி வர நாலு பேர் வேண்டியிருந்தது. எல் வடிவத்தில் வெட்டிய பங்கருக்குக் குறுக்கே அந்த இரண்டையும் வைத்து, அதன்மேல் பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் அம்மாவின் பழைய சேலைகளைத் தைத்து மண் நிரப்பிய மூட்டைகள். அம்மா அந்தச் சேலைகளை ஒவ்வொன்றாக இது இன்னாரின் கலியாணத்துக்கு எடுத்தது என்று சொல்லிச் சொல்லித் தைத்தார்.

1996 ஆடி கடைசியில் கிளிநொச்சியை நோக்கி ஆமி வெளிக்கிட்ட நாட்களில், நாங்கள் இடம்பெயருவதற்கு முன்னால், அந்தக் குழிக்குள் எட்டுப் பேர் இருந்தோம். ஜாம் போத்தலில் செய்த விளக்கு. மல்லாக்கப் படுத்தால் முகத்துக்கு மேலே இரண்டு முழத்தில் தண்டவாளம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதைச் செய்த ஆலையின் பெயரும் வருடமும் புடைப்பெழுத்தாக இருக்கும். எங்களுடைய துண்டில் வெட்டியது போக, துரு தின்றது போக, ஒன்றும் ஒன்பதும் மட்டும் இருந்தன. பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு வேலை இல்லை. மிச்ச இரண்டு எண்ணும் என்னவாக இருக்கும் என்று விழுகிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு எண்ணாக யோசித்துக்கொண்டு கிடந்தேன். கோச்சிப்பாதைக்கு மேலே சனம் போவதுதான் வழமை. நாங்கள் கோச்சிப்பாதைக்குக் கீழே கிடந்தோம்.

இடம்பெயர்ந்தோம், திரும்பினோம், அப்பா 2004-இல் வருத்தத்தில் போனார், 2006-க்குப் பிறகு அதே குழியைத் திரும்பத் தூர்வாரினோம், 2008 கடைசியில் திரும்பவும் ஓடினோம். இதை இங்கே விரிக்கப்போவதில்லை, வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதே கதை உண்டு.

ஆறு மாதக் கடைசி ஸ்டேசன்

மீள்குடியேறி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. பங்கர் இருந்தது. அதற்குள்ளே வேப்பங்கன்று ஒன்று முளைத்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகு மண்ணை வழித்தோம். பனங்குற்றிகள் கறையானுக்குப் போயிருந்தன. இரண்டு தண்டவாளமும் வைத்தபடி இருந்தன.

அந்தக் காலத்தில் வன்னி முழுக்கப் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் தராசோடு திரிந்தார்கள். எங்கள் படலைக்கும் ஒருவர் வந்தார். தண்டவாளத்தைக் கண்டதும் அவர் சொன்ன தொகை அன்றைக்கு எங்களுக்குப் பெரிய காசு. நான் தலையாட்டப் போனேன். அம்மா குறுக்கே வந்தார். "அது விக்கேலாது." ஏன் அம்மா? "அது கோச்சியின்ர சாமான். எங்கட இல்லை. கோச்சி திரும்பி வந்தால் கேப்பினம், குடுக்கவேணும்." வியாபாரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் இதை ஒரு பாசம் என்றோ நினைவுச்சின்னம் என்றோ நினைத்துத்தான் அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன். பிறகுதான் விளங்கியது, அப்படி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அது கடன். பக்கத்து வீட்டு உலக்கையை வாங்கினால் எப்படியோ அப்படி.

பாதையைத் திரும்பப் போடும் வேலை இந்தியக் கடனுதவியில் நடந்தது. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றரை இர்கொன் நிறுவனம் போட்டது. 2011 மே மாதம் ஓமந்தை வரை வந்த கோச்சி, 2013 செப்டெம்பர் 14, ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சிக்கு வந்தது. ஜனாதிபதியே ஏறி வந்தார். அடுத்த சனிக்கிழமை வடக்கு மாகாணசபைத் தேர்தல் என்பது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். சனம் வந்தது உண்மை. இருபது வயது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் முதன்முதலாகக் கோச்சி பார்க்க வந்தார்கள். நானும் இருபத்தேழு வயதில் அவர்களோடு நின்றேன். நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. படத்தில் பார்த்ததில் உயரம் தெரிவதில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்தது. பளைக்குப் பாதை திறந்தது 2014 மார்ச் 4-ஆம் திகதி. இடையில் 171 நாள், கிட்டத்தட்ட ஆறு மாதம், கிளிநொச்சிதான் கடைசி ஸ்டேசன். 1905-இலிருந்து கணக்குப் பார்த்தாலும், நான் அறிந்தவரை எங்கள் ஊர் ஒரு பாதையின் முடிவாக இருந்தது அந்த ஆறு மாதம் மட்டும்தான். யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்பு போக பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்கு வந்தது. பெரிய சூட்கேசுகளும், பனங்கட்டிக் குட்டானும், முருங்கைக்காய்க் கட்டுமாக எங்கள் மேடையில் மணித்தியாலக் கணக்கில் காத்துக்கொண்டிருந்தது. வாசலில் ஓட்டோக்கள் வரிசை கட்டின. தேநீர்க் கடை ஒன்று முளைத்து, இரண்டாகி, மூன்றாவதில் ரோல்ஸ் போட்டார்கள். "இஞ்ச நல்ல சாப்பாட்டுக் கடை எது தம்பி?" என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னைக் கேட்டபோது, யாரோ என் வீட்டு விலாசத்தைக் கேட்டதுபோல இருந்தது.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் அம்மா கடனைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். "ஸ்டேசன் மாஸ்டரைப் பாக்கவேணும்." எனக்கு வெட்கமாக இருந்தது, மறைக்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு இளம் பெடியன், சிங்களவர், தமிழ் தட்டுத்தடுமாறிக் கதைப்பார். அம்மா நின்றபடியே சொன்னார்: "எங்கட வீட்டை உங்கட தண்டவாளம் ரெண்டு துண்டு இருக்கு. பத்தடி. வளையேல்லை. ஆள் விட்டால் எடுக்கலாம்." அவருக்கு முதலில் விளங்கவில்லை. வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தான், நடுவில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெடியன் சிரிக்கவில்லை. எழும்பி நின்றார். தன் கதிரையை இழுத்து அம்மாவுக்குப் போட்டார். பழையது இப்போதைய தண்டவாளத்தோடு பொருந்தாது, ஆனாலும் எழுதி வைக்கிறேன் என்று ஒரு கொப்பியில் பெயரும் விலாசமும் "தண்டவாளம் 2" என்பதும் எழுதினார். அம்மா அந்தக் கொப்பியை எட்டிப் பார்த்து விலாசம் சரியா என்று பார்த்துக்கொண்டார். "துண்டு ஒண்டும் தரமாட்டியளோ?" என்றும் கேட்டார். அவருடைய அப்பா பார்சல் துண்டு வாங்காமல் அந்த வாசலை விட்டுப் போனதில்லை அல்லவா.

துண்டு கிடைக்கவில்லை. வெளியே வந்தபோது மேடையில் வண்டி வெறுமனே நின்றது. பின்னேரம்தான் வெளிக்கிடும். கதவுகள் திறந்து கிடந்தன. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படியில் காலை வைத்து ஏறினார். நான் பின்னால் ஓடினேன். ஒரு யன்னலோர இருக்கையில் இருந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வெளியே பார்த்தார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சரளைக்கல்லும் ஒரு ஆட்டுக்குட்டியும். ஒரு பத்து நிமிடம் இருந்திருப்பார். "எங்கையாவது போகவேணுமோ அம்மா?" என்று கேட்டேன். "இல்லை. நிக்குது, அதுதான்" என்றார். அவருடைய வாழ்க்கையில் கோச்சி எங்கள் ஊரில் ஓரிரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. ஏற்றுகிற சாமானை ஏற்று, இறங்குகிறவர் இறங்கு, ஓடு, ஓடு. வண்டி எங்கேயும் போக அவசரப்படாமல் எங்கள் மேடையில் நின்ற அந்த ஆறு மாதத்தில் ஒரு பத்து நிமிடத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

மார்ச்சில் பளை திறந்தது. ஒக்டோபர் 13-ஆம் திகதி யாழ்ப்பாணம் திறந்தது. பழையபடி கோச்சி எங்கள் ஊரில் வந்து, இழுத்து மூச்சுவிட்டு, போகத் தொடங்கியது. தேநீர்க் கடை மூன்றும் ஒன்றாயிற்று. கோச்சியின் வேகமும் கூடிவிட்டது. வன்னிக்குள் அது பறக்கிறது, ஆட்களை ஏற்றும் வேகத்தைவிட மாடுகளை அடிக்கும் வேகம் அதிகம் என்று ஊரில் கசப்பாகச் சொல்வார்கள். சில கடவைகளில் படலை இல்லை. சிலவற்றில் பொலிஸின் கீழே தற்காலிகமாக வேலை செய்கிறவர்கள் ஒரு குடையும் கொடியும் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். தகரக் கொட்டிலுக்குள் வெயிலில் அவியும் அவர்களில் ஒருவரையாவது வண்டிக்குள் இருந்து பார்த்தால் கை காட்டுவேன். திரும்பக் காட்டியவர்கள் குறைவு, அவர்களுக்கு வேறு கவனம்.

இதெல்லாம் அந்த ஐயா குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் ஓடியவை. எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். நல்லவேளை எழுப்பவில்லை. ஏனென்றால் முறிகண்டி தாண்டும்போது இன்னொன்று உறைத்தது. மாகோவுக்கும் மதவாச்சிக்கும் இடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கல்கமுவ, தம்புத்தேகம என்று பலகைகள் வந்து போயிருக்கும். அங்கேயும் வாய்க்காலும் வயலும் குடியேற்றமும் உண்டு, ஈர்க்கால் பெயர் எழுதிய ஒரு அப்பா அங்கேயும் இருந்திருக்கலாம். நான் இடியப்பம் தின்றுகொண்டிருந்தேன். சம்பல் அருமை என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள், அந்த நூறு கிலோமீற்றரில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

வண்டி வேகம் குறைந்தபோது ஐயா தானாகவே விழித்தார். "என்ன, கிளிநொச்சி வந்திட்டுதே?" என்று யன்னலைப் பார்த்தார். நான் பையை எடுத்தேன். "கவனமாப் போம் தம்பி, கால் வைக்கேக்கை பாத்து இறங்கும்" என்றார். சொன்னேனே, நல்ல மனிதர்.

வீட்டில் அந்த இரண்டு துண்டும் இப்போது அறைக்குள் கிடக்கின்றன. கறையான் ஏறாமல் நெல்மூட்டை அடுக்க அதைவிட நல்ல தட்டு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மூட்டை முடிகிற ஐப்பசியில், அம்மா உழவு மெசினின் கழிவு ஒயிலைப் பழந்துணியில் தொட்டு அவற்றுக்குப் பூசுவார். அடுத்தவன் சாமானைத் துருப்பிடிக்க விடக்கூடாதாம். அன்றைக்கு நான் படலையைத் திறந்தபோதும் அவர் முற்றத்தில்தான் இருந்தார். கோச்சியில் வருகிற ஒவ்வொரு முறையும் கேட்பதைத்தான் கேட்டார்.

"ஸ்டேசனிலை ஆரும் கேட்டவையோ?"

"இல்லை அம்மா."

"சரி, கை காலைக் கழுவிப்போட்டு வா."